புறநகர் வாசம் நமக்குக் கட்டுப்படியாகுமா?

"கடைக்குப் பின்னால் குடியிருந்தது போதும், வேளச்சேரிப் பக்கம் ஒரு நல்ல வீடாகப் பார்ப்போம்" என்ற பேச்சு இன்று நம் வணிக நண்பர்கள் பலரின் வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. பேச்சைத் தொடங்குகிறவர் பெரும்பாலும் வீட்டம்மா. அதை ஆதரிக்கிறவர்கள் பிள்ளைகள். "பார்ப்போம், பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறவர் நம் கடைக்காரர். இரண்டு தீபாவளி தள்ளிப்போட்ட பிறகு, ஒருநாள் மனத்தாங்கல் தாங்காமல் கல்லாவிலிருந்து அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும்.

சரக்குக் கொள்முதலில் மூட்டைக்குப் பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக நான்கு மண்டி ஏறி இறங்குகிறவர்கள் நாம். குடும்பத்தின் மிகப் பெரிய கொள்முதலான வீட்டு விஷயத்தில் மட்டும் ஏன் கணக்குப் பார்க்காமல் போகிறோம்? விலை உயர்ந்த புறநகரில் ஒரு கடைக்காரர் குடும்பம் குடியிருக்க முடியுமா, முடியாதா என்பதைப் பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துவிடுவோம்.

ஆசையில் குற்றமில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீடு மாற வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் அல்ல. பழைய வண்ணாரப்பேட்டையிலும் சவுகார்பேட்டையிலும் கடைக்கு மேலேயோ பின்னாலேயோ குடியிருக்கும் குடும்பங்களின் நிலை நமக்குத் தெரியும். நடுக்கூடத்தில் சர்க்கரை மூட்டை, கட்டிலுக்கு அடியில் எண்ணெய் டின், மிளகாய் நெடி. பரீட்சைக்குப் படிக்கும் பெண் குழந்தை, சுமை இறக்கும் ஆட்கள் வந்துபோகும் வழியில் உட்கார்ந்து படிக்கிறது. வயதான அம்மாவுக்குச் செங்குத்தான மாடிப்படி. கடைப் பையன்களுக்கும் வீட்டாருக்கும் ஒரே கழிப்பறை. இந்த நிலை மாற வேண்டும் என்று வீட்டம்மா சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே "போகலாமா, கூடாதா" என்பது நம் கேள்வி அல்ல. எங்கே போகலாம், எந்தப் பணத்தில் போகலாம் என்பதே கேள்வி.

புறநகர் ஏன் இப்படி விலை ஏறியது?

வியாபாரத்துக்கும் சென்னையின் புதுக் குடியிருப்புகளுக்கும் பழைய உறவு உண்டு. 1968-ல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தைச் சுற்றித்தான் பிறகு அண்ணா நகர் எழுந்தது. 1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கனி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனபோது, பின்னாலேயே பல வியாபாரக் குடும்பங்களும் அரும்பாக்கம், விருகம்பாக்கம் என்று குடிபெயர்ந்தன. அந்த நாளில் நாம் போனது நம் தொழிலைத் தொடர்ந்து. கடை போன திசையில் வீடும் போயிற்று.

தெற்குப் புறநகரின் கதை வேறு. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. 2011-ல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, பெருங்குடி, சோழிங்கநல்லூர், மடிப்பாக்கம் எல்லாம் நகரத்துக்குள் வந்தன. இந்தப் பகுதிகளின் வாடகையைத் தீர்மானிப்பது நம் கடை வருமானம் அல்ல. கணவன், மனைவி இருவரும் கணினி நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் வீட்டின் வருமானமே அதைத் தீர்மானிக்கிறது. அவர்களுக்கு மாதம் பிறந்தால் இரண்டு சம்பளம் வங்கியில் விழும். நமக்குக் கடை ஒன்று. அதிலிருந்து வருவது ஒரு வருமானம். அதுவும் ஆடியில் ஒரு மாதிரி, தையில் ஒரு மாதிரி.

இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு, "அவர் இருக்கிறார், நாம் இருக்க முடியாதா?" என்று போட்டி போடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கணக்குக்காக ஒரு குடும்பம்

உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியை எடுத்துக்கொள்வோம். பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகைக் கடை. மூன்று ஆட்கள். கடையை ஒட்டியே வீடு. மனைவி, படிக்கும் பிள்ளைகள் இருவர், வயதான தாயார். நாள் விற்பனை 40,000 ரூபாய். மாதம் 12 லட்சம். கடையில் சரக்கு இருப்பு 6 லட்சம். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக நூற்றுக்கு 13 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவை நாம் கணக்குக்காக வைத்த எண்கள். உங்கள் கடை எண்களை இதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

கடைக் கணக்கு (மாதம்):
விற்பனையில் கிடைப்பது – 1,56,000
கடை வாடகை – 25,000
மூன்று ஆட்கள் சம்பளம், சாப்பாடு – 48,000
மின்சாரம் – 8,000
ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி – 7,000
பை, கழிவு, கெட்டுப்போனது – 6,000
ஆடிட்டர், உரிமம், இதரம் – 4,000
மொத்தச் செலவு – 98,000
நிகர மிச்சம் – 58,000

வீட்டுக் கணக்கு, இப்போதைய நிலையில்:
வீட்டு வாடகை – 9,000
சாப்பாட்டுச் செலவு (கடையிலிருந்து எடுப்பதையும் சேர்த்து) – 10,000
பள்ளிக்கூடம் – 6,000
மின்சாரம், காஸ், போன் – 2,500
மருந்து, நல்லது கெட்டது – 4,500
மொத்தம் – 32,000

மிச்சம் 26,000 ரூபாய். இதில் ஒரு சீட்டு, கொஞ்சம் நகை, கொஞ்சம் சரக்கு என்று குடும்பம் மெல்ல மேலே ஏறுகிறது. வீடு நெருக்கடியானது, ஆனால் கடை நன்றாக மூச்சு விடுகிறது.

அங்கே போனால்?

இதே குடும்பம் வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை கொண்ட ஓர் அடுக்கக வீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை – 28,000
பராமரிப்புக் கட்டணம் – 3,500
சாப்பாடு – 12,000
பள்ளிக்கூடம், வேன் – 11,000
மின்சாரம், காஸ், போன் – 4,500
கடைக்குப் போய்வரும் செலவு – 5,000
மருந்து, நல்லது கெட்டது – 5,000
மொத்தம் – 69,000

வருமானம் 58,000, செலவு 69,000. மாதம் 11,000 துண்டு விழுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குத் துண்டு விழுந்தால் 25-ஆம் தேதியே கை வறண்டுபோகும். உடனே தெரிந்துவிடும். கடைக்காரருக்குத் தெரியாது. கல்லாவில்தான் நாள்தோறும் 40,000 ரூபாய் புரள்கிறதே! கல்லாவில் இருப்பதெல்லாம் நம் பணம் அல்ல. அதில் நூற்றுக்கு 87 ரூபாய் சரக்கு கொடுத்தவருடைய பணம். பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். வாடகைக்கு எடுத்தது லாபமா, முதலா என்று நோட்டுக் கட்டு சொல்லாது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டு செலவு

மேற்கண்ட பட்டியலில் வராத செலவு இரண்டு உண்டு. அவைதான் பெரியவை.

ஒன்று, நேரம். கடைக்குப் பின்னால் குடியிருந்தபோது காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டோடு கடை திறந்தது. இரவு பத்தரை வரை வெளிச்சம் இருந்தது. வேளச்சேரியிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு ரயில் மாறி வந்தாலும், வண்டியில் வந்தாலும் ஒரு வழிக்கு ஒரு மணிக்குக் குறையாது. இனி காலை ஏழுக்குத் திறப்பு. இரவு ஒன்பதுக்குள் ஷட்டர் இறங்கும். "என்ன அண்ணாச்சி, இப்பல்லாம் சீக்கிரமே கடையைக் கட்டிடறீங்க?" என்று ஒருமுறை கேட்கும் வாடிக்கையாளர், மறுமுறை கேட்கமாட்டார். அடுத்த கடைக்குப் போய்விடுவார். நாள் விற்பனையில் 3,000 ரூபாய் குறைந்தால் மாதம் 90,000. அதில் நமக்குக் கிடைக்க வேண்டிய 13 சதவீதம் 11,700 ரூபாய். ஆளை வைத்துத் திறக்கலாமே என்றால், முதலாளி கண்ணில்லாத கல்லா எப்படியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

விழும் துண்டு 11,000-மும் இழக்கும் 11,700-மும் சேர்ந்தால் மாதம் 22,700. இதைச் சரக்கு இருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் 6 லட்ச ரூபாய்ச் சரக்கு 26 மாதத்தில் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே அலமாரியில் இடைவெளி தெரிய ஆரம்பிக்கும். "அந்தச் சாமான் இல்லை, நாளைக்கு வரும்" என்ற வார்த்தை கடையில் அடிக்கடி கேட்கும். மொத்த வியாபாரி கடனைக் குறைப்பார். பிறகு தினத்தவணைக்காரர் கடை வாசலில் வந்து நிற்பார்.

இரண்டு, அட்வான்ஸ். ஆறு மாத வாடகை என்றால் 1,68,000 ரூபாய். "திரும்ப வருகிற பணம்தானே" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். சீட்டு எடுத்தோ சேமிப்பிலிருந்தோ கொடுத்தால் பரவாயில்லை. சரக்குப் பணத்திலிருந்து கொடுத்தால்? நம் உதாரணக் கடையில் 6 லட்சச் சரக்கு மாதம் 12 லட்சம் விற்றுத் தருகிறது. ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு, மாதம் இரண்டு லட்சம் விற்று 26,000 ரூபாய் ஈட்டித் தருகிறது. அந்தக் கணக்கில் 1,68,000 ரூபாய்ச் சரக்கு ஈட்டுவது 43,680. சரக்கு குறைந்தால் விற்பனை அதே அளவுக்கு அப்படியே குறைந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பாதி குறைந்தாலும் மாதம் 21,840 ரூபாய் நஷ்டம். வீட்டுக்காரரிடம் வட்டியில்லாமல் தூங்கும் பணம், கடையில் ஓடிக்கொண்டிருந்த பணம் என்பதை மறக்கக் கூடாது.

சொந்தமாகவே வாங்கிவிட்டால்?

"வாடகையாகக் கொட்டிக் கொடுப்பதைத் தவணையாகக் கட்டினால் வீடாவது மிஞ்சும்" என்பது அடுத்த யோசனை. கேட்க நன்றாக இருக்கிறது. அதையும் போட்டுப் பார்ப்போம்.

80 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்கக வீடு என்று கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. அதாவது 64 லட்சம். மீதி 16 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரம் 80 லட்சத்துக்கு என்றால் 7,20,000 ரூபாய். இது கடனில் சேராது. புரோக்கர், வக்கீல், பெயிண்ட் எல்லாம் சேர்ந்தால் கையிலிருந்து 25 லட்சம் போகும்.

20 ஆண்டுத் தவணையில் 9 சதவீத வட்டி என்றால் லட்சத்துக்கு மாதம் 900 ரூபாய். 64 லட்சத்துக்கு 57,600 ரூபாய். நம் அண்ணாச்சியின் நிகர மிச்சம் 58,000. தவணை கட்டியது போக 400 ரூபாய் மிஞ்சும். அதில்தான் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்!

வங்கியும் இதைப் பார்க்காமலா இருக்கும்? வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானத்தை வைத்துத்தான் அவர்கள் கடன் அளவைத் தீர்மானிப்பார்கள். தவணை, மாத வருமானத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். 58,000 முழுவதையும் கணக்கில் காட்டியிருந்தாலும் தவணை 29,000. கடன் 32 லட்சத்தை ஒட்டித்தான் கிடைக்கும். வரியை மிச்சம் பிடிக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டியவருக்கு அதுவும் கிடைக்காது. இன்று வரியில் மிஞ்சியது நாளை வீட்டில் போகும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அந்த வழி வேண்டாம். நிலம், வீடு விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படி தவறு. தவிர, பத்திர மதிப்பு குறைந்தால் வங்கிக் கடனும் கூடவே குறையும்.

கட்டி முடியாத புது அடுக்ககம் என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறு வீட்டுக்கு 1 சதவீதம். எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத கட்டடத்துக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

கடையையே அங்கே கொண்டு போனால்?

"வீடு இருக்கும் இடத்திலேயே ஒரு கடை போட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்" என்று சிலர் கருதுகிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அது வீட்டுக் கணக்கு அல்ல, புதிய தொழிலின் கணக்கு. அங்கே கடை வாடகையும் வீட்டு வாடகையைப் போலவே ஏறியிருக்கிறது. கடை உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் வாடகையோடு 18 சதவீதம் சேரும். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரி அதைத் திரும்ப எடுக்க முடியாது. சூப்பர் மார்க்கெட் ஒருபுறம். பத்து, பதினைந்து நிமிடத்தில் கொண்டுவந்து கொடுக்கும் இன்ஸ்டாமார்ட், பிளிங்கிட், செப்டோ ஒருபுறம்.

ஆட்கள் எங்கே தங்குவார்கள் என்பது அடுத்த கேள்வி. முதலாளிக்கே கட்டுப்படியாகாத வாடகை, 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? தங்குமிடமும் நாம்தான் கொடுக்க வேண்டும். தலைமுறையாகப் பழகிய பழைய வாடிக்கையை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

நாம் ஓர் அளவுகோல் சொல்கிறோம். வாடகை, பராமரிப்பு, கடைக்குப் போய்வரும் செலவு இந்த மூன்றும் சேர்ந்து, கடையின் நிகர மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேளச்சேரிக் கணக்கில் இந்த மூன்றும் 36,500. அப்படியானால் நிகர மிச்சம் 1,09,500 வேண்டும். இன்றைய 58,000-க்கு மேல் இன்னும் 51,500. அது 13 சதவீதத்தில் கிடைக்க வேண்டுமானால், செலவு ஏறாத நிலையிலும் நாள் விற்பனை 53,000-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் நாமோ கடை நேரத்தைக் குறைத்துவிட்டுப் போகிறோம்!

இந்த அளவு வருமானம் உள்ள மொத்த வியாபாரிகள் நம்மிடையே உண்டு. அவர்கள் தயங்காமல் போகலாம். பிள்ளைகள் வேலைக்குப் போய் வீட்டுக்கு இரண்டாவது வருமானம் வந்தாலும் போகலாம். அதிலும் ஓர் எச்சரிக்கை: மகளோ மகனோ கொண்டுவரும் சம்பளம் அவர்களுடைய எதிர்காலம். கல்யாணம் ஆகலாம், வெளியூர் மாற்றல் வரலாம். அந்தச் சம்பளத்தை நம்பி இருபது ஆண்டுத் தவணையில் கையெழுத்துப் போடக் கூடாது.

மற்றவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. "புறநகர்" என்றால் தெற்கு மட்டும் அல்ல. 2019-ல் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டைக்கு வந்தது. 2021-ல் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை நீண்டது. மேற்கே சென்ட்ரலிலிருந்து ஆவடி வழியாகப் புறநகர் ரயில் போகிறது. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. கடை இருக்கும் தடத்திலேயே, கைக்கு எட்டும் வாடகையில் வீடு தேட வேண்டும்.

நம் அண்ணாச்சியே திருவொற்றியூரில் 14,000 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தால், பராமரிப்பு 1,000, போக்குவரத்து 2,000 சேர்த்து 17,000. மூன்றில் ஒரு பங்கான 19,333-க்குள் அடங்கிவிடும். சாப்பாடு 10,000, பள்ளிக்கூடம் 8,000, மின்சாரம் முதலியன 3,000, மருந்து, நல்லது கெட்டது 4,500 என்றால் மொத்தம் 42,500. மாதம் 15,500 மிஞ்சும். கடை நேரமும் பெரிதாகக் கெடாது. மணலித் தொழிற்சாலைப் பக்கத்துக் காற்று அங்கே ஒரு குறைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தத் தெரு என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் நடுக்கூடத்தில் மூட்டை இருக்காது. படிக்கும் பிள்ளைக்கு ஓர் அறை இருக்கும். வீட்டம்மா கேட்டது அதைத்தானே?

ஆறு மாதச் சோதனை

இவ்வளவுக்குப் பிறகும் "வேளச்சேரிதான்" என்று குடும்பம் தீர்மானித்தால், குடி போவதற்கு முன் ஒரு சோதனை செய்துபாருங்கள். பழைய வீட்டுச் செலவு 32,000. புதிய வீட்டுச் செலவு 69,000. வித்தியாசம் 37,000. இந்தத் தொகையை ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே, புது வீட்டில் இருப்பதாகவே பாவித்து, மனைவி பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதில் போட்டு வாருங்கள். ஆடியில் தொடங்கினால் மார்கழியோடு ஆறு மாதம் முடியும். மந்த மாதமும் தீபாவளி மாதமும் இரண்டும் கலந்திருக்கும்.

அந்த ஆறு மாதமும் மூன்று நிபந்தனை. சரக்கு இருப்பு குறையக் கூடாது. மொத்த வியாபாரிக்குத் தவணை தவறக் கூடாது. வட்டிக்கு வாங்கக் கூடாது. மூன்றும் நிறைவேறினால், தை பிறக்கும்போது கணக்கில் 2,22,000 ரூபாய் இருக்கும். அட்வான்ஸ் 1,68,000, முதல் மாத வாடகை 28,000 போக, வீடு மாற்றும் செலவுக்கும் 26,000 இருக்கும். கல்லாவைத் தொடாமல், மனநிறைவோடு பால் காய்ச்சலாம். நிறைவேறவில்லையென்றாலும் நஷ்டம் இல்லை. போட்ட பணம் நம் கணக்கிலேயே இருக்கிறது. ஓர் உண்மையும் தெரிந்துவிட்டது.

இந்தச் சோதனை சரியாக நடக்க வேண்டுமானால் கடையும் வீடும் தனித்தனியாக இருக்க வேண்டும். முதலாளியும் தனக்கென்று ஒரு மாதச் சம்பளம் வைத்துக்கொண்டு, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு எடுக்கும் அரிசிக்கும் பில் போட வேண்டும். கணக்கை வீட்டம்மாவிடமே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. எவ்வளவு வருகிறது என்று சொல்லாமலே "முடியாது" என்றால் அவருக்குக் கோபம் வரும். கணக்கு நோட்டை முன்னால் விரித்துக் காட்டினால், "சரிங்க, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்று அவரே சொல்வார். அல்லது நமக்குத் தெரியாத ஒரு செலவைக் குறைத்து வழி காட்டுவார்.

ஒப்பந்தம் போடுமுன்

போவது என்று முடிவானால் கவனிக்க வேண்டியவை சில:

1. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்துமூலம் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் இல்லை என்கிறது சட்டம். பத்து மாதம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

2. வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கடைப் பெயரில் போட வேண்டாம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடையின் பெயரில், கடைச் செலவாக எழுதினால் வரி கட்டும் பொறுப்பு நம் தலையில் வரும். தனி உரிமையாளர் தன் சொந்தப் பெயரில், தான் குடியிருக்க, சொந்தச் செலவில் எடுத்தால் வரி இல்லை.

3. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரைக் கேளுங்கள். புரோக்கர் சொல்லமாட்டார், கடைக்காரர் சொல்வார்.

4. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது தண்ணீர் லாரிக்கு வீட்டுக்கு எவ்வளவு வசூலித்தார்கள் என்று கேளுங்கள். பராமரிப்புக் கட்டணத்தில் தண்ணீர் சேருமா, தனியா என்பதை எழுதி வாங்குங்கள்.

5. வீட்டுக்குத் தனி மின்மீட்டர் உண்டா, ஆண்டுக்கு வாடகை எவ்வளவு ஏறும் என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நிலைக்க வேண்டும்

நம் அப்பாக்களும் தாத்தாக்களும் ஊரிலிருந்து வந்து, கடைப் பலகையிலேயே படுத்துறங்கி, முதலைச் சேர்த்தார்கள். பிள்ளைகளும் அப்படியே படுக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நாமும் நினைக்க வேண்டியதில்லை. நல்ல காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு நம் குடும்பத்துக்கும் உரியதே. கடை வாடகை கொடுத்து, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து, சரக்குக்காரருக்குச் சேர வேண்டியதைச் சேர்த்து, அதன் பிறகு மிஞ்சுவதில் எந்த வீடு கிடைக்கிறதோ அந்த வீடுதான் நமக்குக் கட்டுப்படியான வீடு. மிச்சம் வளர வளர வீடும் வளரட்டும்.

வீடு பார்க்கும் எண்ணமுள்ள நண்பர்கள், இந்த இதழை மூடுவதற்கு முன் ஒரு தாளில் தங்கள் கடையின் நிகர மிச்சத்தை எழுதி, மூன்றால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்தான் உங்கள் புரோக்கரிடம் சொல்ல வேண்டிய எண்.